ஏட்டின் வழியே ஏடு தேடியவர்
மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்கள் சரித்திரம்

ஒரு சொல்லின் பொருளை அறிய அகராதியைத் திறப்பவர் அச்சொல்லைக் கண்டவுடன் நூலை மூடிவைத்தல் அரிது. அதன் கீழுள்ள சொல் கண்ணிற்படும். அது வேறொன்றைக் காண்க என்று சுட்டும். அதைத் தேடிப் பக்கங்களைப் புரட்டுவார். அரைமணிப் பொழுது சென்றபின், தாம் முதலில் அறிய விரும்பிய சொல் யாதென்பதே அவருக்கு ஐயமாகிவிடும். இக்காலத்தில் இணையத்துட் புகுவார்க்கு இந்நிலை பன்மடங்காயிற்று. ஆவடியினின்றும் அம்பத்தூரினின்றும் புறநகர் வண்டியேறி வரும் நம் மாணவர் பலர், பாடத்திற்குரிய ஒரு செய்தியைக் கைப்பேசியில் தேடப் புகுந்து, இணைப்பின்மேல் இணைப்பாகத் தொட்டுச் சென்று, இறங்குமிடம் வந்தபொழுது கிரிக்கெட்டு ஆட்டக்காரர் ஒருவருடைய திருமணச் செய்தியிற் கண்ணூன்றி நிற்றலை நாம் கண்டிருக்கிறோம். ஆசிரியருள்ளும் அங்ஙனம் நிற்பார் இலரல்லர்.

இதற்கு மருந்து கூறுதல் நம் கருத்தன்று. ஒரு நூல் மற்றொன்றைச் சுட்ட, அது வேறொன்றைச் சுட்ட, அச்சுட்டுக்களின் பின்னே அறுபதாண்டுக்குமேல் நடந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர் சரித்திரத்தைப் பலரும் பலவாறு எழுதியுள்ளனர். நாம் இந்த ஒரு நோக்குப்பற்றியே அதனை ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

சாமிநாதையரவர்கள் 1855-ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 19-ஆம் நாள், தம் தாயார் பிறந்தகமாகிய சூரியமூலையிற் பிறந்தார்கள். தந்தையாராகிய வேங்கடசுப்பையரது ஊர் உத்தமதானபுரம். இரண்டும் சோழநாட்டுச் சிற்றூர்கள். தந்தையார் சங்கீத வித்துவான். மகனும் சங்கீதத்திலே தேர்ச்சி பெறவேண்டுமென்பது அவர் விருப்பம். மகன் மனமோ தமிழையே நாடிற்று. இளமையில் பல ஊர்களில் பல ஆசிரியர்பால் சிறிது சிறிதாகக் கற்றபின், பதினேழாம் பிராயத்தில், 1871-ஆம் ஆண்டில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களை அடைந்து மாணாக்கரானார். வேங்கடராமன் என்னும் இயற்பெயரை மாற்றிச் சாமிநாதன் என்று வழங்கச் செய்தவர் அவ்வாசிரியரே. திருவாவடுதுறை ஆதீனத்தலைவர் சுப்பிரமணிய தேசிகரின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1876-ஆம் ஆண்டு பிள்ளையவர்கள் காலமாகும்வரை அவரைப் பிரியாதிருந்து பாடங்கேட்டார்.

அக்காலத்துப் படிப்பு எத்தகையதென்பதை இங்கே அறிதல் வேண்டும். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், தலபுராணங்கள் ஆகிய இவையே பெரும்பாலும் பாடமாயின. அவற்றிற்குமேல் கம்பராமாயணமும் இலக்கண நூல்களும் கற்றவர் பெரும்புலவர் எனப்பட்டார். சங்க நூல்களின் பெயர்கள் மட்டும் இலக்கண உரைகளின் வாயிலாகச் சிலருக்குத் தெரிந்திருந்தன; அந்நூல்கள் எங்கே உள்ளன, எவ்வளவின, எப்பொருளின என்பதைக் கூறுவார் அரியர். ஒரு பெரிய மாளிகையின் முன்கூடத்திலே மக்கள் பல தலைமுறை வாழ்ந்து, உள்ளே அறைகள் உண்டென்பதையே மறந்துவிட்ட நிலைமை அது.

1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கவர்ன்மெண்டு காலேஜில் தமிழ்ப்பண்டிதராயிருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபொழுது, அவ்விடத்திற்கு ஐயரவர்களை முயன்று அமர்த்தினார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் என்பவர் அந்நகருக்கு முன்சீபாக வந்தார். அவர் ஆங்கிலக் கல்வி நிரம்பியவர். தமிழில் மிக்க பற்றுடையவர். அக்டோபர் 21-ஆம் நாள் வியாழக்கிழமை ஐயர் அவரைக் காணச்சென்றார். யாரிடம் படித்தீர், என்னென்ன படித்தீர் என்று முதலியார் வினவினார். பிள்ளையவர்கள் பெயரைச் சொன்ன அளவில் அவர் மகிழ்வாரென்று எதிர்பார்த்தவருக்கு ஏமாற்றமே கிடைத்தது. அந்தாதி இத்தனை, பிள்ளைத்தமிழ் இத்தனை, புராணம் இத்தனை என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போக, கேட்டவர் முகத்தில் ஒரு மாறுதலுமில்லை. இவற்றாலெல்லாம் பயனென்ன என்று கேட்டுவிட்டு, இவற்றிற்கு மூலமாகிய பழைய நூல்களைப் படித்ததுண்டா, சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் அடுக்கலானார். ஒவ்வொன்றுக்கும் இல்லையென்னும் விடையே வந்தது. படித்ததில்லை என்பது மட்டுமா? அவற்றின் சுவடிகளைக் கண்டதுமில்லை.

ஐயரவர்களுக்கு அப்பொழுது வயது இருபத்தைந்து. பெரும்புலவர் ஒருவரின் தலைமாணாக்கர், கல்லூரிப் பண்டிதர். அந்நிலையிலுள்ளார் ஒருவர் இத்தகைய வினாவைக் கேட்டபின் செய்யக்கூடியன இரண்டு. வினாவியவர் புலவரல்லர், ஆங்கிலம் படித்த உத்தியோகஸ்தர் என்று இகழ்ந்து வீடு திரும்புதல் ஒன்று; தம் கல்வியில் ஒரு பெரும்பள்ளம் இருப்பதை ஒப்புக்கொள்ளுதல் மற்றொன்று. அவர் பின்னதையே செய்தார். முதலியார் தம்மிடமிருந்த சிந்தாமணிப் பிரதியைக் கொடுக்க, அதை வாங்கிச் சென்றார்.

அந்நூலோ சமண காவியம். திருத்தக்கதேவர் இயற்றிய பதின்மூன்று இலம்பகங்களையுடையது. மூவாயிரத்துக்கு மேற்பட்ட செய்யுட்களையுடையது. சைவ மடத்துச் சூழலில் வளர்ந்த ஒருவருக்கு அது பாடமாகாமைக்குக் காரணமுண்டு. நம் பூவிருந்தவல்லிக்கு அண்மையிலுள்ள குன்றத்தூரைப் பற்றிய கதையொன்று இவ்விடத்தில் நினைவுக்கு வருகின்றது. சோழமன்னன் சிந்தாமணியைச் சுவைத்து மகிழ்ந்திருந்தானென்றும், குன்றத்தூர்ச் சேக்கிழார் அவன் மனத்தை அதனினின்றும் மீட்டுச் சிவனடியார் சரித்திரத்தில் ஈடுபடுத்தவே பெரியபுராணம் பாடினாரென்றும் சைவர் வழிவழியாகக் கூறுவர். கதையின் உண்மை எவ்வாறாயினும் ஆகுக. அதைக் கேட்டு வளர்ந்தவர் சிந்தாமணியை எந்தக் கண்ணாற் பார்ப்பரென்பது விளங்கும். கேட்கத் தொடங்கிய கதையை விட்டு அரசன் மற்றொன்றில் ஆழ்ந்துவிட்டான் என்று அமைச்சர் கவலையுற்றது நம் காலத்துப் பெற்றோர் கவலையோடு ஒக்கும் என்பதை மட்டும் சொல்லி மேலே செல்வோம்.

சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் உரை உண்டு. ஐயரவர்களை வழிமறித்ததும் அவ்வுரையே; வழிகாட்டியதும் அதுவே. உரையாசிரியர் ஒரு சொல்லுக்குப் பொருள் கூறி, அதற்குச் சான்றாகப் பழைய செய்யுளடி ஒன்றை எடுத்துக்காட்டுவார். அவ்வடி எந்த நூலிலுள்ளது என்று பெரும்பாலும் சொல்லார். பிறரும் இவ்வாறு கூறினர் என்னும் அளவில் நிறுத்திவிடுவார். அவர் காலத்தில் அதுவே போதியதாயிருந்தது. அடியைக் கேட்ட அளவிலே நூலின் பெயரை உணர்வார்க்கே அவர் எழுதினார். நூற்றாண்டுகள் கழிந்தன, நூல்கள் மறைந்தன, கேட்டவுடன் உணரும் மாணாக்கரும் மறைந்தனர். சுட்டுவிரல் மட்டும் நீட்டியபடியே நின்றது. அது சுட்டிய பொருளை அறிவாரில்லை.

இக்காலத்து இணையத்தோடு இதனை ஒப்பிடுதல் பொருத்தமுடையது. 1945-ஆம் ஆண்டில் வானெவர் புஷ் என்னும் அமெரிக்க அறிஞர், ஒரு நூலின் பகுதியை மற்றொரு நூலின் பகுதியோடு தொடுத்துவைத்து, வேண்டியபொழுது அத்தொடரின் வழியே செல்லத்தக்க ஒரு மேசைப்பொறியைக் கற்பனையாக விவரித்து எழுதினார். தியடோர் நெல்சன் என்பவர் 1965-ஆம் ஆண்டில் அத்தகைய தொடுப்புடைய எழுத்துக்கு ஹைப்பர்டெக்ஸ்ட் என்று பெயரிட்டார். ஜெனீவா நகரை அடுத்த சேர்ன் என்னும் ஆராய்ச்சிக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989-ஆம் ஆண்டில் உலகளாவிய வலையின் திட்டத்தை வரைந்தார். அவர்கள் அமைப்பில், சொல்லின் கீழே அது செல்லுமிடத்தின் முகவரி மறைந்துநிற்கும், தொட்டால் திறக்கும். நச்சினார்க்கினியர் உரையிலோ முகவரி மறைந்துகூட இல்லை. உரைகாரர் நெஞ்சோடு அது போய்விட்டது. அங்ஙனம் அறுந்துகிடந்த இணைப்புக்களைத் திரும்பத் தொடுத்ததே சாமிநாதையரவர்களின் வாழ்க்கை வேலை என்று கூறினால் அது மிகையன்று.

தொடக்கத்தில் அவரும் திகைத்தார். ஏட்டெழுத்தின் இயல்பை அறிந்தவர்க்கே அத்திகைப்பின் அளவு விளங்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது, எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே இருக்கும், ரகரத்திற்கும் காலுக்கும் வேறுபாடு தோன்றாது. செய்யுளை அடி பிரித்து எழுதுவதில்லை; மூலமும் உரையும் மேற்கோளும் ஒரே ஓட்டமாகச் செல்லும். இவ்விடத்தில் நூலாசிரியர் பேசுகிறாரா, உரையாசிரியர் பேசுகிறாரா, அவர் காட்டும் பெயரறியாத பழம்புலவர் பேசுகிறாரா என்று பிரித்தறிவதற்கே நாட்கள் சென்றன.

சமண சமயத்துச் செய்திகள் மற்றோர் இடர்ப்பாடாயின. அவற்றைக் கூறத்தக்க புலவர் மடங்களில் இல்லை. கும்பகோணத்திலேயே சமணர் வாழ்கின்றனரென்று அறிந்து, சந்திரநாத செட்டியார் என்பவர் இல்லத்திற்குச் சென்றார். அவர் சென்றகாலையில் அவ்வில்லம் விழாக்கோலம் பூண்டிருந்தது. காரணம் வினவியபொழுது, சிந்தாமணிப் பாராயணம் அன்று நிறைவெய்திற்று என்றனர். ஊரெல்லாம் தேடியும் பொருள் சொல்வாரில்லாத நூலைத் தம் வீதிகளுக்கு அண்மையில் ஒரு குடும்பத்தார் பத்தியோடு ஓதி வந்தனர்! அவ்வில்லத்தாரிடம் ஐயரவர்கள் கூசாமல் மாணாக்கராகிக் கேட்டார். நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சமணர் ஒப்பாமையால் அவர் நூல்களைக் கற்று மீண்டும் உரை செய்தாரென்று ஒரு பழஞ்செய்தி உண்டு. அதனை இவர் தம் அநுபவத்தால் நம்பியிருத்தல் கூடும்.

இனி நாம் மிக விரும்பும் பகுதிக்கு வருகின்றோம். மேற்கோள் அடிகளின் இருப்பிடத்தைத் தேடிய ஐயரவர்கள், திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் பார்க்க விரும்பினார். சுப்பிரமணிய தேசிகர் மனமுவந்து இசைந்தார். சமண காவியத்தை விளக்குதற்கு என்று தெரிந்தும் சைவ மடத்துத் தலைவர் தம் நூல்நிலையத்தைத் திறந்துவிட்டது சிறிய செயலன்று. பழஞ்சுவடிகளைப் புரட்டியபொழுது, இன்னவென்று விளங்காத நெடும்பாட்டுக்கள் சில ஒரு கட்டில் இருந்தன. பாடிச்செல்லும்பொழுதே, சிந்தாமணி உரையில் முகவரியின்றிக் கண்ட அடிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவற்றினின்றும் எழுந்தன. அவை பத்துப்பாட்டு! எட்டுத்தொகை நூல்களின் மூலங்களும் வெளிப்பட்டன. ஓர் உரையின் ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளப் போனவருக்குத் தமிழின் பழைய இலக்கியம் முழுவதும் ஏட்டுக்கட்டுக்களாகக் காட்சியளித்தது.

இங்கேதான் ஓர் இக்கட்டு இருந்தது. நம் வாசகர் இதனை உற்று நோக்கவேண்டும். சிந்தாமணி முடியவில்லை, அச்சுக்குச் செல்லும் நிலையிலுமில்லை. கைக்கெட்டிய பத்துப்பாட்டோ அதனினும் பழையது, இனியது. அதற்குள் நுழைந்தால் எட்டுத்தொகை அழைக்கும். எட்டுத்தொகையில் இறங்கினால் சிலப்பதிகாரம் அழைக்கும். ஆராய்ச்சியிற் புகுந்து, தொடங்கியது ஒன்றும் முடியாமல், குறிப்புக்கள் மட்டும் கட்டுக்கட்டாக எஞ்ச, மறைந்த அறிஞர் எத்தனையோ பேர். ஐயரவர்கள் அவர்களுள் ஒருவராதற்கு எல்லாக் காரணங்களும் கூடியிருந்தன.

அவர் செய்தது இது. கண்ட நூல் ஒவ்வொன்றுக்கும் சொல்லகராதியும் மேற்கோளகராதியும் தம் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டார். புதிய நூலிற் கண்டதை அக்குறிப்பில் ஏற்றிவிட்டு, மீண்டும் சிந்தாமணியின் அந்தச் செய்யுளுக்கே திரும்பி வந்தார். போகாமல் இருந்தவரல்லர், எவ்வளவு தொலைவு போனாலும் புறப்பட்ட இடத்தை எழுதிவைத்துக்கொண்டு போனவர். பகலில் கல்லூரிப் பாடம், இரவில் ஏடு. கணிப்பொறி ஒரு நொடியிற் செய்து தரும் தேடலை, விளக்கொளியில் ஒரு மனிதர் ஆண்டுக்கணக்காகச் செய்து தீர்த்தார்.

அதற்கிடையே யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்கும் கருத்தோடு ஐயரவர்களை அணுகினார். அவர் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனார் நடத்திய கல்விக்கழகத்திற் பயின்றவர். சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகளுள் ஒருவர். தொல்காப்பிய உரைகளை அச்சேற்றிய பேரறிஞர். வயதாலும் பெயராலும் செல்வாக்காலும் மேம்பட்ட அவர் கேட்டபொழுது, இளைஞராகிய ஐயரவர்கள் மிகக் கலங்கினார். முடிவில் இசையாது தாமே பதிப்பித்தல் என்று துணிந்தார். அத்துணிவு தவறாகியிருக்கவும் கூடும். தாமோதரம் பிள்ளையவர்கள் பதிப்பித்திருந்தால் நூல் விரைவில் வெளிவந்திருக்கும். ஆயின் ஐயரவர்கள் பதிப்பாசிரியராகியிருப்பரோ என்பதே நம் ஐயம்.

மிஷன் கலாசாலைச் சஞ்சிகையில் ஒரு செய்தியை விடாமற் கூறவேண்டும். சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகளிலம்பகத்தை உரையுடன் 1868-ஆம் ஆண்டிலேயே அச்சிட்டவர் போவர் ஐயர் என்னும் கிறிஸ்தவ குரு. வைதிக அந்தணர் ஒருவர் சமணர் வீட்டில் பாடங்கேட்டு, சைவ மடத்து ஏடுகளைக்கொண்டு, கிறிஸ்தவர் தொடங்கிவைத்த வேலையை நிறைவேற்றினார் என்பது தமிழுக்குப் பெருமை.

சீவகசிந்தாமணி 1887-ஆம் ஆண்டில் முழுதும் வெளிவந்தது. முதலியாரைக் கண்ட நாளினின்று ஏழாண்டுகள். கல்லூரி விடுமுறைகளில் சென்னைக்கு வந்து தங்குவதும், கும்பகோணத்தினின்று அச்சுப்படிகளைத் தபாலில் திருத்தி அனுப்புவதும், கையொப்பக்காரர்களைச் சேர்ப்பதும், கடன்படுவதும் ஆகிய துன்பங்களை அவர் தம் சரித்திரத்தில் விரிவாக எழுதியுள்ளார், நாம் விரிக்கவில்லை. பிழைகாட்டித் துண்டுப் பத்திரிகை வெளியிட்டாரும் இருந்தனர்.

அதன்பின் வாயில்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பத்துப்பாட்டு 1889-இல் வந்தது; அதனைக் காணச் சுப்பிரமணிய தேசிகர் இல்லை, 1888-இலேயே பரிபூரணம் எய்தியிருந்தார். சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898, ஐங்குறுநூறு 1903, பதிற்றுப்பத்து 1904, பரிபாடல் 1918, பெருங்கதை 1924, குறுந்தொகை 1937. பாரிஸ் நகரத்துத் தமிழறிஞர் ஜூலியன் வின்சோன் போன்றார் கடல் கடந்து கடிதப் போக்குவரவு செய்தனர்.

மணிமேகலை தந்த இடர் தனித்தன்மையுடையது. அதனை எடுத்தபொழுது அது எச்சமயத்து நூலென்பதே அவருக்குப் புலப்படவில்லை. சமண நூற்சொற்கள் உதவவில்லை. சைவ நூற்சொற்கள் சிறிதும் உதவவில்லை. உடன் ஆசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியரிடம் சில பகுதிகளைக் கூற, அவர் அவை பௌத்த சமயக் கருத்துக்கள் என்று கண்டு, ஆங்கில நூல்களையும் வடமொழி நூல்களையும் பார்த்து விளக்கினார். தமிழேட்டிலிருந்து எழுந்த வழி இம்முறை ஆங்கிலத்தின் வாயிலாகச் சென்று திரும்பியது. அங்ஙனம் அறிந்தவற்றைத் தம் நெஞ்சிலேயே வைத்துக்கொள்ளாது, புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் என்னும் மூன்று உரைநடைப் பகுதிகளாக எழுதி நூலோடு சேர்த்தார். தமக்குப் பின்வருவோர் அதே காட்டில் திகையாதிருக்க வழிக்கல் நட்டுச் செல்லும் பண்பு இது.

ஏடுகள் கிடைத்த இடங்களைக் காட்டிலும் கிடையாத இடங்களே நெஞ்சில் தைக்கின்றன. பாண்டிநாட்டிலுள்ள கரிவலம்வந்தநல்லூரில், வரகுணராம பாண்டியர் என்னும் அரசர் தொகுத்துவைத்த சுவடிகள் பிற்காலத்தில் கோயிலைச் சேர்ந்தன என்று கேட்டு, ஐயரவர்கள் ஆவலோடு சென்றார். கோயில் அதிகாரியோ, பழுதுபட்ட சுவடிகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இடவேண்டுமென்று விதியிருப்பதாகவும், அங்ஙனமே இட்டுவிட்டதாகவும், கடமை செய்த நிறைவோடு தெரிவித்தார். எரித்தவர் பகைவரல்லர்; ஏட்டைப் பூசிப்பவர். ஆடிப்பெருக்கன்று வெள்ளத்தில் ஏடுகளை விடும் வழக்கமும் இருந்தது. இராமபாணம் என்னும் பூச்சியைக் குறைகூறுவார் பலர். பூச்சி தின்றது மெல்ல, மக்கள் போக்கியது விரைவில்.

குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் பறித்துக் குவித்த மலர்களின் நீண்ட வரிசை உண்டு. ஐயரவர்களுக்குக் கிடைத்த பிரதிகளில் அவற்றுட் சில மலர்களின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தொண்ணூற்றுக்கு மேற்பட்ட மலர்களில் இரண்டு மூன்று இல்லாவிட்டால் உலகம் கவிழ்ந்துவிடாது என்று வேறொருவர் அச்சிட்டிருப்பர். இவர் அவற்றைத் தேடிச் சென்று, தருமபுர ஆதீனத்து ஏட்டிற் கண்டு, எழுதிக்கொண்டு மகிழ்ந்தார். அம்மலர்களைப்பற்றிப் பிற்காலத்தில் தனிக் கட்டுரையொன்றே வரைந்தார்.

1903-ஆம் ஆண்டில் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாற்றப்பெற்று, 1919 வரை அங்கே ஆசிரியராயிருந்தார். திருவல்லிக்கேணியிலுள்ள தம் இல்லத்திற்குத் தமக்கு வேலை வாங்கித்தந்த செட்டியாரை நினைந்து தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டார். 1906-இல் மகாமகோபாத்தியாயப் பட்டமும், 1932-இல் சென்னைச் சர்வகலாசாலையின் டாக்டர் பட்டமும் வந்தன. 1924 முதல் 1927 வரை சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராயிருந்தார். இவற்றை எழுதுவார் பலராதலின் நாம் குறிப்பிட்டு நிறுத்துகின்றோம்.

அவர் பதிப்புக்களின் பக்க அமைப்பைப் பற்றிச் சிறிது கூறுவோம். பக்கத்தின் மேற்பகுதியில் மூலம், அதன்கீழ் உரை, அதற்குங் கீழே சிற்றெழுத்தில் அடிக்குறிப்பு. உரைகாரர் முகவரியின்றிக் காட்டிய அடிக்கு முகவரி அங்கே இருக்கும். அக்கருத்தையே வேறு புலவர் எங்கெங்கே கூறினரென்பதும் இருக்கும். நூலின் இறுதியில் அரும்பத அகராதி. புறநானூற்றிற்குப் பாடினோர் வரலாறும் பாடப்பட்டோர் வரலாறும். குறுந்தொகைப் பதிப்பிலோ நான்கைந்து அடிப் பாட்டொன்று தலையில் நிற்க, ஒப்புமைப்பகுதி முதலிய குறிப்புக்கள் அதன்கீழே குடும்பம்போல் விரிந்து கிடக்கும். ஓர் அடிக்குறிப்பைப் பற்றிக்கொண்டு குறுந்தொகையினின்று அகநானூற்றிற்கும், அங்கிருந்து சிந்தாமணிக்கும், அதனின்று பெரியபுராணத்திற்கும் சென்றுவிட்டு, நாளைய பரீட்சைப் பாட்டை மறந்துபோன தமிழ் மாணவர் நம் கல்லூரியில் ஒரு தலைமுறைக்கு ஒருவரேனும் இருந்திருப்பர். தாம் தொலைந்துபோகாமல் நடந்த பெரியாரே, பிறர் இன்பமாகத் தொலைந்துபோகத்தக்க ஆயிரம் வாயில்களைத் திறந்து வைத்தார் என்று நாம் விளையாட்டாகக் கூறுவதுண்டு.

ஆயினும் ஒரு வேற்றுமையைக் காணாமலிருத்தல் கூடாது. கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்பவை, நாம் இன்னும் சிறிது நேரம் இருக்கவேண்டுமென்று விரும்பும் வணிகர் பொறிகொண்டு தெரிந்தெடுத்தவை. அடுத்தது வேண்டுமா என்று நம்மைக் கேளாமலே அது வந்துவிடும். ஐயரவர்களுக்கு அடுத்தது தானே வந்ததில்லை. ஓர் அடியின் இருப்பிடம் அறிய இரயிலேறவும் மாட்டுவண்டி பிடிக்கவும், முன்பின் அறியாதார் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கவும், பரணில் ஏறித் தூசி தட்டவும் வேண்டியிருந்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் உடம்பு விலைகொடுத்தது. அதனால் அடுத்ததைத் தொடுமுன் அது தக்கதுதானா என்று எண்ணுதற்கு அவருக்குப் பொழுது இருந்தது. இன்றோ அவர் பதிப்பித்த சங்க நூல்களின் மூலங்களை 1998-ஆம் ஆண்டில் தோன்றிய மதுரைத் திட்டம் முதலியவற்றின் வாயிலாக வண்டியில் நின்றபடியே படிக்கலாம். பட்டாபிராமில் ஏறியவர் பெரம்பூருக்குள் குறுந்தொகையிற் பத்துப் பாட்டுக்களை முடிக்கலாம். முடிப்பாரும் சிலர் உளர், நாம் அறிவோம்.

முதுமையில், 1940-ஆம் ஆண்டு தொடங்கி, ஆனந்த விகடன் பத்திரிகையில் என் சரித்திரம் என்னும் தம் வரலாற்றை வாரந்தோறும் எழுதி வந்தார். எண்பத்தைந்து வயதில், அறுபது ஆண்டுகட்கு முன் கண்டவர் பெயரும், உண்ட உணவும், ஏறிய வண்டியும், கேட்ட பாடமும் நினைவினின்று ஒழுங்காக எழுந்தன. கிளைக்கதைகள் மிகுதி. ஒரு புலவரைப்பற்றித் தொடங்குவார். அவர் ஆசிரியருக்குச் செல்வார். அவ்வாசிரியருக்கு ஊர் கொடுத்த ஜமீன்தாருக்குச் செல்வார். விட்ட இடத்திற்குத் தவறாது திரும்புவார். அதுவே அவர் கைப்பழக்கம். அவ்வரலாறு மணிமேகலைப் பதிப்புக் காலத்தை அடைந்த அளவில் நின்றுவிட்டது. 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ஜப்பானியர் சென்னைமேல் குண்டு வீசுவரென்னும் அச்சத்தால் நகரமே கலைந்தபொழுது, முதியவரைத் திருக்கழுக்குன்றத்திற்கு அழைத்துச் சென்றனர். அம்மாதம் 28-ஆம் நாள் அங்கேயே அவர் காலமானார். மறு ஆண்டில் அவர் பெயரால் சென்னையில் நூல்நிலையம் தோன்றிற்று. அவர் சேர்த்த சுவடிகள் இன்று பெசன்ட் நகரிலுள்ள அந்நிலையத்தில் உள்ளன. இங்கிருந்து ஒரு நாட்பொழுதில் சென்று பார்த்துவரலாம். கைப்பேசியில் அவர் படத்தைக் கண்டார் பலர், அவ்வேடுகளை நேரிற் கண்டார் மிகச் சிலரே.

இன்னும் ஒன்று உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் வளையாபதி என்பது ஒன்று. மாணாக்கராயிருந்த காலத்தில், திருவாவடுதுறை மடத்துப் புத்தகசாலையில் அதன் ஏட்டுச்சுவடியை ஐயரவர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார். அப்பொழுது அந்தாதியும் பிள்ளைத்தமிழுமே பெரிதாயிருந்தமையால் எடுத்துப் படிக்கவில்லை. முதலியாரின் வினா நெஞ்சிற் பட்டு, பழைய நூல்களில் வேட்கை பிறந்தபின், அதே இடத்தில் மீண்டும் தேடினார். சுவடி அங்கே இல்லை. வேறு மடங்களிலும் வீடுகளிலும் ஊர்தோறும் தேடியும் அது பின்னர் அவர் கைக்கு வரவேயில்லை. உரையாசிரியர் எடுத்துக்காட்டியனவும் புறத்திரட்டு என்னும் தொகைநூலில் புகுந்தனவுமாக எழுபதளவான செய்யுட்களே இன்று அக்காப்பியத்தில் எஞ்சியுள்ளன.